சபாநாயகரின் தொகுதி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்துத் தொகுதி ஒன்றிலிருந்து திரும்பத் திரும்ப ஜெயித்துப் போன ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் அப்படிப் பலர் உண்டு. நான் சட்டமன்றச் சபாநாயகராக இருந்த பி.எச்.பாண்டியனை எடுத்துக்கொண்டேன். பெயரைக் கேட்டதும் உங்களில் பாதிப்பேருக்கு, சபாநாயகருக்கு உண்டு என்று அவர் சொன்ன 'வானளாவிய அதிகாரம்' என்ற இரண்டு சொற்கள் நினைவுக்கு வந்திருக்கும். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அந்த வானத்துக்குக் கீழே சேரன்மகாதேவி என்று ஒரு தொகுதி இருந்தது. அதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

சேரன்மகாதேவி என்றால் தாமிரபரணி, கன்னடியன் கால்வாய், வயல். சுற்றுவட்டத்தில் பத்தமடைப் பாய், வீரவநல்லூர்த் தறி, முக்கூடல் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். பாண்டியனின் ஊரான கோவிந்தப்பேரியும் இந்த வட்டாரம்தான். வக்கீலுக்குப் படித்தவர். 1977, 1980, 1984, 1989 என்று நான்கு முறை இங்கே வென்றார். 1980இல் துணைச் சபாநாயகர், 1985இல் சபாநாயகர்.

இந்தத் தொகுதிக்குச் சபாநாயகர் புதிதில்லை. 1962 முதல் 1967 வரை அந்த நாற்காலியில் இருந்த செல்லப்பாண்டியனும் சேரன்மகாதேவியில் ஜெயித்தவர்தான். அவர் காங்கிரஸ், இவர் அண்ணா தி.மு.க. பின்னாளில் அம்பாசமுத்திரத்தின் ஆவுடையப்பன், ராதாபுரத்தின் அப்பாவு என்று அந்த நாற்காலி நம் மாவட்டத்துக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று விளையாட்டாகச் சொல்வேன்.

ஆனால் ஒன்றை நாம் யோசிப்பதில்லை. நம் ஊர் எம்.எல்.ஏ. சபாநாயகர் ஆனால் நமக்கு லாபமா, நட்டமா? மற்ற உறுப்பினர் எழுந்து, 'என் தொகுதியில் இந்த ஊருக்குப் பஸ் இல்லை, அந்தக் குளத்து மடை உடைந்து கிடக்கிறது' என்று மந்திரியைக் கேட்கலாம். சபாநாயகர் கேட்க முடியாது. எல்லாரையும் பேசவைக்கிறவர், தன் ஊருக்காக வாயைத் திறக்க வழியில்லை. வாக்குச் சமமாக நின்றால் மட்டும்தான் அவருக்கு ஓட்டு. தொகுதி மேம்பாட்டு நிதி என்பதெல்லாம் பின்னாளில் வந்தது. அப்போது தொகுதிக்காரனுக்கு இருந்த ஒரே வழி, மஞ்சள் பையில் மனுவை வைத்துக்கொண்டு அவர் ஊருக்கு வரும் நாளில் போய் நிற்பதுதான். சபையில் கேட்க முடியாவிட்டால் என்ன, சபாநாயகர் போன் போட்டால் அதிகாரி எழுந்து நிற்பார் என்று ஊரில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

சரி, சென்னையில் அவர் செய்தவை. 1986 கடைசியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காகப் பேராசிரியர் க.அன்பழகன் உட்பட தி.மு.க. உறுப்பினர் பத்துப் பேரின் பதவி பறிபோனது. அடுத்த ஏப்ரலில் ஆனந்த விகடன் விவகாரம். அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று மற்றவர் சொல்கிறார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேள் என்றார்கள். ஆசிரியர் பாலசுப்ரமணியன் மறுத்தார். சபை அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கூச்சல் கிளம்ப, சில நாளிலேயே விடுதலை. அவர் பின்னர் நீதிமன்றம் போய், ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கி, அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

நான் ஆசிரியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் பையன்கள் என்னைப் பற்றி வரைந்த படங்களை இதைவிட மோசமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு ஜோக்குக்குச் சிறை என்பதை அன்றும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, இன்றும் முடியவில்லை. பாண்டியன் சட்டம் அறிந்தவர், வாதாடத் தெரிந்தவர், சிரிக்கத் தெரிந்தவரும்கூட. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம்.

அப்புறம் 1988 ஜனவரி 28. எம்.ஜி.ஆர். மறைந்து ஐந்து வாரம். கட்சி இரண்டாகி, ஜானகி அம்மையார் முதலமைச்சராகி, நம்பிக்கை கோரும் நாள். சபைக்குள் அடிதடி. போலீஸ் தடியோடு உள்ளே நுழைந்தது. அந்தக் களேபரத்துக்கு நடுவே ஜானகி அரசு வென்றதாகச் சபாநாயகர் அறிவித்தார். இரண்டு நாளில் ஆட்சியே கலைந்தது. பேரவையும் கலைந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பேரவை கலைந்தாலும் சபாநாயகர் பதவி கலையாது. அடுத்த பேரவை கூடும்வரை அவர்தான் சபாநாயகர். அதாவது ஒரு வருடம் உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லாத சபைக்குத் தலைவராக இருந்துகொண்டே, 1989 ஜனவரியில் பாண்டியன் மறுபடி சேரன்மகாதேவிக்கு ஓட்டுக் கேட்டு வந்தார்.

என்ன நிலைமையில் வந்தார் என்று பாருங்கள். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தன. இரட்டை இலை முடங்கிவிட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. மாநிலத்தில் தி.மு.க. அலை. ஜானகி அம்மையாரே ஆண்டிப்பட்டியில் தோற்றுப்போனார். புறா தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் விழுந்து கிடந்தபோது சேரன்மகாதேவியில் பறந்தது.

ஏன்? தி.மு.க., காங்கிரஸ், சேவல், புறா என்று நாலு பக்கம் ஓட்டுப் பிரிந்த தேர்தல் அது. அப்படிப்பட்ட போட்டியில் கட்சி ஓட்டைவிடச் சொந்த ஓட்டு வைத்திருப்பவருக்குத்தான் வசதி. சாதிக் கணக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அதோடு இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறேன். சென்னையில் அவரைத் திட்டத் திட்ட, 'நம்ம ஆளை எல்லாரும் சேர்ந்து அடிக்கான்' என்று இங்கே ஒரு வீம்பு ஏறியது. டீக்கடையில் அவரைக் குறை சொன்ன அதே வாய், வெளியூர்க்காரன் குறை சொன்னால் சண்டைக்குப் போகும்.

அதற்குப் பிறகு சட்டமன்றத்துக்கு அவர் திரும்பவில்லை. 1999இல் திருநெல்வேலி எம்.பி. ஆனார். 2017 பிப்ரவரியில், ஜெயலலிதா மறைவு குறித்துக் கேள்வி எழுப்பி ஒரு காலையில் பேட்டி கொடுத்தார். அன்று இரவுதான் ஓ.பன்னீர்செல்வம் மெரினாவில் கண்மூடி உட்கார்ந்தார். 2020 ஜனவரி 4இல் பாண்டியன் காலமானார். அவருக்கு முன்பே அவர் தொகுதி போய்விட்டது. 2008 மறுசீரமைப்பில் சேரன்மகாதேவி என்ற பெயரே தொகுதிப் பட்டியலில் இல்லாமல் போனது.

1989இல் நான் அந்தத் தொகுதியில் ஒரு சிற்றூரில் வாக்குச்சாவடி அலுவலர். பள்ளிக்கூடத்துப் பெஞ்சை மறித்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். உச்சி வெயில் நேரம் ஒரு ஆச்சி வந்தார். விரலில் மை வைத்து, வாக்குச் சீட்டைக் கையில் கொடுத்தாகிவிட்டது. மறைப்புக்குள் போனவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

"ஏய்யா, நம்ம பாண்டியன் எதுல நிக்காவ?"

"அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது ஆச்சி. நீங்கதான் பாத்துப் போடணும்."

"றெக்கை உள்ளதுல குத்துன்னுதான் பேரன் சொல்லி அனுப்பிச்சான். இங்க ரெண்டுக்குல்லா றெக்கை இருக்கு!"

ஏஜெண்டுகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், கட்சி வித்தியாசம் இல்லாமல். ஆச்சி எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

வணக்கம்.