அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

(மதுரையில் கல்லூரி மாணவர்களுக்கான எழுத்துப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

பேராசிரியர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

எழுதுவதில் உங்களுக்கு என்ன சிரமம் என்று காலையில் சீட்டில் எழுதி வாங்கினார்கள். படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே பதில்: "மனசுல எல்லாம் இருக்கு சார், எழுத உட்கார்ந்தா வரமாட்டேங்குது." சரி, வேறு எதுவும் வேண்டாம், இதையே பேசுவோம்.

இது உங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. வியன்னாவிலிருந்து அமெரிக்காவில் போய்க் குடியேறிய எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1940-களில் இதற்கு 'ரைட்டர்ஸ் பிளாக்' என்று ஒரு பெயரே வைத்தார். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் ஆட்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது என் எண்ணம். சேக்கிழார் கதையை நினைத்துப் பாருங்கள். சோழ நாட்டின் அமைச்சர். அடியார்களின் வரலாறெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் தில்லைக்குப் போய், பெரியபுராணத்தை எப்படித் தொடங்குவது என்று வேண்டி நிற்கிறார். 'உலகெலாம்' என்று இறைவன் அடியெடுத்துக் கொடுக்கிறார். அருணகிரிநாதருக்கு முருகன் கொடுத்தது 'முத்தைத்தரு'. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கவனிக்கச் சொல்வது, கொடுக்கப்பட்டது எவ்வளவு என்பதை. சேக்கிழாருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சொல். அதற்குப் பின்னால் வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களும் அவர் உழைப்பு.

இதில் சுந்தரர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ என் அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரருக்கு ஆத்திரம். நீ பித்தனா என்று கேட்டுவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் வரை போய், வந்தவர் சிவன் என்று தெரிந்த பிறகு, பாடு என்கிறார் இறைவன். எனக்கு என்ன தெரியும், எதைப் பாடுவேன் என்று தயங்குகிறார் சுந்தரர். முன்பு என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு என்கிறார் இறைவன். 'பித்தா பிறைசூடி' பிறக்கிறது. முதல் சொல் வானத்திலிருந்து விழவில்லை பாருங்கள். அவர் வாயிலிருந்து, அதுவும் கோபத்தில் வந்த சொல்தான் அவருக்கே திரும்பக் கொடுக்கப்பட்டது.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். சங்க மண்டபத்தில் பாண்டியன் ஆயிரம் பொன் முடிந்த கிழியைக் கட்டித் தொங்கவிட்டான். கல்யாணத்துக்குக் காசில்லாத தருமிக்கு அது வேண்டும், பாட்டு வரவில்லை. இறைவன் அவனுக்கு முழுப் பாட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டார். குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இருக்கிறதே, 'கொங்குதேர் வாழ்க்கை', அதுதான். அருமையான பாட்டு. ஆனால் நக்கீரர் எழுந்து குற்றம் இருக்கிறது என்று சொன்னதும் தருமியால் பதில் பேச முடியவில்லை. எழுதினவரே நேரில் வரவேண்டியதாகிவிட்டது. தருமி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு வறுமை. ஆனால் இன்றைக்குச் செல்போனிடம் கேட்டால் முழுக் கட்டுரையையும் நொடியில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. உங்களில் பலர் அதைச் செய்கிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். ஒரு வரியைக் காட்டி ஏன் இப்படி எழுதினாய் என்று யாராவது கேட்டால் உங்களுக்கும் தருமியின் நிலைமைதான். அதைவிட எனக்குப் பெரிய வருத்தம், உங்கள் பாட்டு எழுதப்படாமலே போய்விடுகிறதே என்பது.

அப்படியானால் முதல் அடியை யார் எடுத்துக் கொடுப்பது? பக்கத்தில் இருக்கிற மனிதர்கள்தான்.

ஒரு மாணவி, செல்லூர்ப் பக்கம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் தன் பாட்டியைப் பற்றி எழுத ஆசைப்பட்டாள். என்னிடம் கொண்டுவந்த தாளில் ஒரு வரிதான் இருந்தது: "சுங்குடிச் சேலை மதுரையின் பாரம்பரியப் பெருமை." அதற்கு மேல் நகரவில்லை. எப்படி நகரும்? அந்த வரியில் பாட்டி இல்லையே. தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, பாட்டியின் கை எப்படி இருக்கும் என்று கேட்டேன். "சுட்டுவிரல்ல நூல் அறுத்த கோடு இருக்கும் சார். ரசஞ்சோறு பிசைஞ்சா எரியும்னு ஸ்பூன் கேப்பாங்க. ஸ்பூன்ல சாப்பிடுறத யாராச்சும் பாத்தா வெக்கப்படுவாங்க." இதைத்தாம்மா எழுதணும் என்றேன். திகைத்துப் போனாள். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டாள். அன்று சாயங்காலமே நாலு பக்கம் எழுதிவிட்டாள்.

அவளைத் தடுத்தது விஷயப் பஞ்சம் இல்லை. எழுத்து என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மேடைகளிலும் பாடப்புத்தகத்திலும் கேட்ட குரல் ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தது. முதல் வரி எழுதும்போதே நக்கீரர் எழுந்து நின்றால் யாருக்கும் கை ஓடாது. நக்கீரர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இல்லாவிட்டால் சங்கமே இல்லை. ஆனால் கதைப்படியும் பாட்டை அவையில் படித்து முடித்த பிறகுதானே அவர் வாய் திறக்கிறார்? உங்கள் வீட்டு நக்கீரரும் அதுவரை பொறுத்திருக்கட்டும்.

மனநிலை வரட்டும், எழுதுகிறேன் என்று சிலர் சீட்டில் எழுதியிருந்தீர்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், எழுத முடியாமல் திணறிய கல்லூரி ஆசிரியர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழு எழுத்தையே தள்ளிவைத்தது, ஒன்று மனசு வந்தபோது எழுதியது, இன்னொன்று மனசு வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதியது. கடைசிக் குழுதான் பல மடங்கு அதிகப் பக்கங்கள் எழுதியது. அதுகூட ஆச்சரியமில்லை. புதிய யோசனைகளும் அந்தக் குழுவுக்கே அதிகம் வந்தன. யோசனை வந்தால் எழுதலாம் என்று நாம் காத்திருக்கிறோம், அதுவோ எழுதுகிறவர்களைத் தேடிப் போகிறது. இங்கிலாந்தில் தபால் துறையில் வேலை பார்த்த நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று விடியற்காலையில் எழுதிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவார். மறுநாளுக்கான அடியை முதல் நாளே தனக்குத்தானே எடுத்து வைத்துவிட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். இந்த வழக்கத்தை நான் வருஷக்கணக்காகப் பின்பற்றுகிறேன், கைவிட்டதே இல்லை.

அப்புறம், துக்கமோ உடம்புக்கு முடியாமையோ எழுத்தை நிறுத்துவதும் உண்டு. அது வேறு. தூக்கமும் சாப்பாடும் சேர்ந்தே போய்விட்டால் டாக்டரைத்தான் பார்க்கவேண்டும். எழுதாத காலத்தை எண்ணிப் பயப்படவும் வேண்டாம். இங்கே பக்கத்தில் வத்தலக்குண்டுக்காரர் சி.சு. செல்லப்பா, இளமையில் தான் வாழ்ந்து பார்த்த சுதந்திரப் போராட்ட காலத்தை 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாகங்களாக வெளியிட்டது 1997-ல். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2001-ல், அவர் மறைந்த பிறகு, அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

டீ வந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். குடித்துவிட்டு வந்து இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். எழுத நினைத்து வராமல் போனதை, எழுதுகிற பாவனையே இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரி பத்து நிமிஷம் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுங்கள். கேட்பவர் குறுக்கே பேசவேண்டாம். சொல்பவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை, எது உங்களை நிமிர்ந்து பார்க்க வைத்ததோ அதை, ஒரு எழுத்துகூடத் திருத்தாமல் அவர் நோட்டின் முதல் வரியாக எழுதிக் கொடுங்கள். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியிலிருந்து அவரவர் பாடு. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நேரம் இருக்கிறது.