நள்ளிரவு கேப்டனும் நம் வீட்டு கேசட்டும்

அவைத் தலைவர் அவர்களே, கேட்டதும் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியையும் அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் ஐயா அவர்களே, வானொலி நேயர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால், செயலாளர் எழுதிக் கொடுத்த சீட்டில்தான் குறை.

கேப்டன் மிட்நைட் என்ற அமெரிக்க வானொலி நாயகனைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். அவன் எப்படிப் பிறந்தான், அவன் படையில் பெண்களுக்கு என்ன இடம், விளம்பரதாரர் அவனை என்ன பாடு படுத்தினார். பார்க்கலாம், மணி அடிப்பதற்குள் எத்தனை முடிகிறது என்று.

ராபர்ட் பர்ட், வில்பிரட் மூர் என்ற இருவர் எழுதிய தொடர் அது. 1938-ல் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் தயவில் தொடங்கியது. 1940-ல் ஓவல்டின் என்ற சத்துபான நிறுவனத்தின் கைக்கு வந்து, நாடு முழுக்கக் கேட்டது. வாரத்தில் ஐந்து நாள், பள்ளி விட்டு வந்த பிறகு, கால் மணி நேரம்.

கதை இதுதான். முதல் உலகப் போர். ஆல்பிரைட் என்ற விமானி. உயிரோடு திரும்புவது சந்தேகம் என்கிற வேலைக்கு ஒரு தளபதி அவனை அனுப்புகிறார். வானொலியில் முகம் தெரியாது. காத்திருப்பதைக் காதால்தான் காட்ட வேண்டும். கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நகர்மன்ற உறுப்பினர் ஐயா, நீங்களும்தான். கடிகாரம் நகர்கிறது. ஆள் வரவில்லை. இனி வரமாட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டு அடிக்கிறது. அப்போது தூரத்தில், மெல்ல, ஒரு விமானத்தின் இரைச்சல்! சரி, கண்ணைத் திறக்கலாம். அன்று முதல் அவன் கேப்டன் மிட்நைட்.

இரண்டாம் உலகப் போரில் அவனுக்கு ஒரு ரகசியப் படையே இருந்தது. ஓவல்டின் டப்பாவின் உள்மூடியை அனுப்பிய பிள்ளைகளுக்கெல்லாம் அதில் இடம். பித்தளையில் ஒரு பேட்ஜ் வரும். அதில் எழுத்தும் எண்ணும் பொறித்த சக்கரம். நிகழ்ச்சி முடிவில் அறிவிப்பாளர் எண்களை வாசிப்பார். பிள்ளை பென்சிலோடு உட்கார்ந்து, சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, நாளைக்கு என்ன நடக்கும் என்று கண்டுபிடிக்கும். 1942-ல் வந்த பேட்ஜில் பிள்ளை தன் போட்டோவையே ஒட்டிக்கொள்ளலாம். 1943-லும் 44-லும் புது பேட்ஜ் வரவில்லை. உலோகமெல்லாம் போருக்குப் போய்விட்டது.

இங்கேதான் நான் எங்கே போனாலும் சொல்கிற பழமொழி வருகிறது. சிரிக்காதீர்கள், சொல்லத்தான் போகிறேன். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது இலவம்பஞ்சு எம்மாத்திரம்? அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகளை அலுமினியத் தட்டின் மேல் அரக்குப் பூசிய வட்டில் பதிந்தார்கள். அலுமினியம் விமானத்துக்குத் தேவைப்பட்டதால், போர்க்காலத்தில் கண்ணாடித் தட்டுக்கு மாறினார்கள். கீழே போட்டால் தூள். ஒன்பது ஆண்டுக்கு மேல் நாடு முழுக்கப் பறந்தவன், 1949 கடைசியில் நின்றான். போர்க்காலக் கதைகளில் பெரும்பாலானவற்றை இன்று கேட்கவே முடியாது. பணமும் நிலையமும் விளம்பரதாரரும் இருந்த நாட்டிலேயே இந்தக் கதி. அம்மியே பறந்துவிட்டது ஐயா! நம் வீட்டுப் பரணில் இருக்கும் கேசட் எம்மாத்திரம்?

இலங்கை வானொலி நாடகத்தை டேப்ரெக்கார்டரில் பிடித்து வைத்தவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறீர்கள். ஒரு நிலையத்தில் கேட்டுப் பார்த்தேன். பழைய நாடாவின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டோம் என்றார்கள். அப்படியானால் மிச்சம் உங்கள் பரணில்தான்.

இரண்டாவது விஷயம், ஜாய்ஸ் ரயன். படையில் இருந்த பெண். சண்டைக்கும் போவாள், விமானமும்... மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவதைப் பேராசிரியர் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே நூலகத்தின் பின்கட்டில் டேப்ரெக்கார்டரும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருப்போம். பூஞ்சை பிடித்த கேசட்டை நீங்களே துடைக்க வேண்டாம், ஓட்டியும் பார்க்க வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள். எந்த ஆண்டு, எந்த நாடகம் என்று தெரிந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பதிந்த கையோடு கேசட்டைத் திருப்பித் தந்துவிடுவோம். நன்றி, வணக்கம்.