சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறதா? பேட்டரியை மாற்றாதீர்கள்! ஆல்டர்னேட்டரை வீட்டிலேயே பழுது பார்க்கலாம்

[திரையில்: இரவு நேர டேஷ்போர்டு. பேட்டரிப் படம் சிவப்பாக ஒளிர்கிறது.]

வணக்கம் நண்பர்களே. ஓடிக்கொண்டிருக்கும் காரில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்ததும் நம்மில் பலர் நேராகப் போய் நிற்கும் இடம் பேட்டரிக் கடை. புதிய பேட்டரியைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் அதே விளக்கு மறுபடியும் எரியும்போது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வருகிறது. பாவம், அவர் மீது தவறு இல்லை. பேட்டரிக்கு வர வேண்டிய மின்சாரம் வரவில்லை என்பதே அந்த விளக்கு சொல்லும் செய்தி. மின்சாரத்தை அனுப்ப வேண்டியது எஞ்சினோடு பெல்ட்டில் சுழலும் ஆல்டர்னேட்டர். அதை முழுதாக மாற்றினால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே தேய்ந்திருப்பது பல நேரங்களில் விரல் நுனியளவு கார்பன் துண்டுகள் இரண்டு மட்டுமே. ஆகவே எதைக் கழற்றுவதற்கும் முன்னால் எதை அளக்க வேண்டும் என்பதை இன்று பார்க்கிறோம். அந்தச் சிவப்பு விளக்குக்கே யாரும் சொல்லாத இன்னொரு வேலையும் உண்டு. அது வரும்வரை வீடியோவைத் தள்ளிவிடாமல் பாருங்கள்.

[திரையில்: புளியரை எஸ் வளைவு, சாரல், எதிரே வரும் லாரியின் வெளிச்சம்.]

செங்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இது அவசியமான தகவல். சாரல் காலத்து இரவில் புளியரையைத் தாண்டி மலை ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்குப் போகும் காரில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். முகப்பு விளக்குகள் இரண்டும் தாழ்வொளியில் தலா 55 வாட், ஆக 110 வாட். அதுவே ஏறக்குறைய 9 ஆம்பியர். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க புளோயர், இடைவிடாமல் வைப்பர், பின் விளக்குகள், ரேடியேட்டர் விசிறி, பெட்ரோல் பம்பு, இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் 30 ஆம்பியரைத் தொடுவது சாதாரணம். சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஆல்டர்னேட்டர் நின்றுபோனால் புதிய பேட்டரிகூட ஒரு மணி நேரம் தாங்குவது கடினம். வயதான பேட்டரி என்றால் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தை நெருங்கும் முன்பே முகப்பு வெளிச்சம் மஞ்சளாகிவிடும். அங்கே நிறுத்தி யாரையாவது அழைக்க நினைத்தால், உங்கள் தொலைபேசியில் சிக்னலும் இருக்க வேண்டும்.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம். மின்காந்தத் தூண்டலை ஃபாரடே கண்டறிந்தது 1831-இல். கார்களில் நெடுங்காலம் டைனமோவே இருந்தது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிலிக்கான் டயோடு வந்த பிறகு 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. அடுத்த ஆண்டே சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. வரலாறு முடிந்தது.

[திரையில்: பேட்டரி மீது மல்டிமீட்டர்.]

இனி அளவு. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, எஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டால், முழுதாக நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு மறுபடியும் தொடுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. எஞ்சின் ஓடும்போதும் அதே 12 சொச்சத்திலேயே நின்று, நேரம் ஆக ஆக இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. அந்த வண்டியை அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்து, பல்புகளும் வரிசையாகப் போகும். எஞ்சின் கணினியே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் புதிய வகைக் கார்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவற்றில் ஸ்கேனர் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அடுத்து, ஒரு பைசா செலவில்லாத இரண்டு சோதனைகள். எஞ்சினை நிறுத்திவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். விளிம்பு பிரிந்திருந்தாலோ, உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, அது புல்லியில் வழுக்குகிறது. மழையில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தும் வண்டிகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முகப்பு விளக்கையும் புளோயரையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்புறமுள்ள தடித்த ஒயர் பூட்டிய போல்ட்டிலும், மறு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். ஒயர் நன்றாக இருந்தால் 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அதற்கு மேல் காட்டினால், உண்டாகும் மின்சாரம் வழியிலேயே வீணாகிறது என்று பொருள். துருவையும் பச்சைப் படிவையும் சுரண்டி, நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. இந்த இரண்டையும் பார்க்காமல் ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள் என்பது என் கருத்து.

இங்கே ஒரு வேண்டுகோள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் டெர்மினலைப் பிடுங்கி, 'வண்டி நிற்கவில்லை பார், டைனமோ நன்றாக இருக்கிறது' என்று சொல்லும் வழக்கம் மலையின் இரண்டு பக்கமும் உண்டு. ஆல்டர்னேட்டர் வேகமாகச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் நொடியில் பேட்டரியைப் பிரித்தால், போக்கிடம் இல்லாத மின்சாரம் நூறு வோல்ட்டை நெருங்கும் அளவுக்குக்கூட எகிறக்கூடும். அம்பாசடர் காலத்தில் அந்த அடியை வாங்குவதற்கு வண்டியில் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. இன்று இசியூ என்ற எஞ்சின் கணினி இருக்கிறது, அதன் விலையும் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

[திரையில்: சிவப்பு விளக்கு பெரிதாக. பக்கத்தில் எளிய மின்சுற்றுப் படம்.]

இப்போது நான் காத்திருந்த பகுதி. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டர், பழைய சைக்கிள் டைனமோவில் இருப்பதைப் போன்ற நிலைக்காந்தம் அன்று. அதைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போது மட்டுமே அது காந்தமாகிறது. அப்படியானால், மின்சாரம் உண்டாக வேண்டுமென்றால் அதற்கு முன்பே கொஞ்சம் மின்சாரம் இருந்தாக வேண்டும். தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். ஃபுட்வால்வு ஒழுகிக் குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டால், மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தண்ணீர் ஏறாது; மேலிருந்து ஒரு குடம் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகே பம்பு இழுக்கத் தொடங்கும்; தொடங்கிவிட்டால் அதற்கு நம் குடம் தேவையில்லை.

பல கார்களில் அந்த முதல் குடத்தை ஊற்றுவது யார் தெரியுமா? டேஷ்போர்டில் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்கேதான்! சாவியைத் திருப்பியதும் பேட்டரியின் மின்சாரம் அந்த 2 அல்லது 3 வாட் பல்பு வழியாக ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனைக்கு வந்து, தொடக்கத்தில் சொன்ன கார்பன் துண்டான பிரஷ்ஷைக் கடந்து, ரோட்டருக்குள் நுழைகிறது. ஏறக்குறைய கால் ஆம்பியர்தான். ஆனால் ரோட்டரை மெல்லிய காந்தமாக்க அது போதும். எஞ்சின் சுழன்றதும், ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு மூன்று சிறிய டயோடுகள் வழியாக அதே டி பிளஸ் முனைக்குத் திரும்பி வந்து ரோட்டரை வலுப்படுத்துகிறது. இப்போது பல்பின் ஒரு பக்கம் பேட்டரியின் 14 வோல்ட், மறு பக்கம் ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட். இரண்டும் சமம் என்பதால் பாய்வதற்கு எதுவும் இல்லை, விளக்கு அணைகிறது. அதை அணைக்க யாரும் கட்டளையிடவில்லை, சுவிட்சும் இல்லை. இதை யோசித்த பொறியாளருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். உங்களுக்கும் பிடித்திருந்தால் வீடியோவுக்கு ஒரு லைக் போடுங்கள், அவர் சார்பில் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இதை விளங்கிக்கொண்டால் விளக்கே பல நோய்களைச் சொல்லிவிடும். சாவியைத் திருப்பியும் எஞ்சின் ஓடாத நிலையில் விளக்கு எரியவே இல்லையென்றால், பல்பு போயிருக்கலாம், அல்லது பிரஷ் ரோட்டரைத் தொடாமல் இருக்கலாம். பல்பு மட்டும் போன வண்டிகள் பல நேரங்களில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்த பிறகு மட்டும் சார்ஜ் ஏற்றும், ஏனெனில் இரும்பில் மிச்சமிருக்கும் சிறிதளவு காந்தத்தைக் கொண்டே அவை தட்டுத் தடுமாறித் தொடங்குகின்றன. ஓடும்போது விளக்கு மங்கலாக மினுங்கினால் இரு பக்கமும் சமமாகவில்லை, அதாவது டயோடிலோ இணைப்பிலோ கோளாறு. சாவியை எடுத்த பிறகும் மங்கலாக எரிந்தால் டயோடு கசிகிறது. இன்னொரு வேடிக்கை: டேஷ்போர்டு பல்புகளை எல்லாம் எல்இடியாக மாற்றி அழகு பார்த்த சிலருக்குச் சார்ஜ் ஏறாமல் போயிருக்கிறது, எல்இடி வழியாகப் பாயும் சொற்ப மின்சாரம் ரோட்டரை எழுப்பப் போதாது. ஆனால் எல்லா வண்டிகளும் இந்த முறையில் அமைந்தவை அன்று. சாவியைத் திருப்பியதும் ரெகுலேட்டர் நேரடியாகவே ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் வகைகளும் நிறைய உண்டு. அவற்றில் விளக்கு வெறும் அறிவிப்பாளர் மட்டுமே.

ரோட்டர் காந்தமாகிறதா என்பதை மீட்டர் இல்லாமலேயே அறியலாம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓடவிடாமல், ஸ்குரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் புல்லியின் நடு நட்டுக்கு அருகே கொண்டுசெல்லுங்கள். அது இழுக்கப்பட்டால் பிரஷ்ஷும் ரோட்டரும் உயிரோடு இருக்கின்றன. பல்பு நன்றாக இருந்தும் இழுக்காவிட்டால் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையைத் தள்ளி வையுங்கள். தடித்த ஒயர் இருக்கும் பின்பக்கத்தில் ஸ்குரூடிரைவரை நீட்டாதீர்கள்.

[திரையில்: பேட்டரி நெகட்டிவ் கழற்றப்படுகிறது.]

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை எடுத்துவிட வேண்டும். சாவி ஆஃபில் இருந்தாலும் அந்தத் தடித்த ஒயரில் எப்போதும் பேட்டரியின் மின்சாரம் நிற்கும், ஸ்பேனர் பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும். பெல்ட் எந்தெந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பெல்ட்டைத் தளர்த்தி, ஒயர்களை விடுவித்து, போல்ட்டுகளை எடுத்தால் ஆல்டர்னேட்டர் கைக்கு வந்துவிடும்.

பின்மூடியைக் கழற்றினால் ரெகுலேட்டரும் பிரஷ் ஹோல்டரும் தெரியும். பெரும்பாலானவற்றில் இரண்டு மூன்று திருகுகளில் வெளியே வந்துவிடும். ஹோல்டரிலிருந்து நீண்டிருக்கும் கார்பன் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தாலோ, ஸ்பிரிங் அதை வெளியே தள்ளாமல் சிக்கியிருந்தாலோ, நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மாடல் பெயரைச் சொல்லாமல் பழைய பிரஷ்ஷையே கையில் எடுத்துக்கொண்டு தென்காசியிலோ புனலூரிலோ ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். பிரஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் பழைய ஒயரை ஈயம் உருக்கி விடுவித்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். ஈயம் ஒயருக்குள் ஏறி அதை விறைக்க வைத்துவிட்டால் பிரஷ் ஸ்பிரிங்குக்கு இசைந்து நகராது, ஆகவே சூட்டைச் சட்டென்று எடுத்துவிடுங்கள்.

பிரஷ் உரசும் செப்பு வளையங்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கறுத்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளை வைத்து ரோட்டரைக் கையால் சுழற்றித் துடைத்தால் போதும்; ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு வளையங்களுக்கும் நடுவே மீட்டர் பெரும்பாலும் 2 முதல் 5 ஓம் வரை காட்ட வேண்டும். வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே எதுவுமே காட்டக் கூடாது. சில மாடல்களில் ஹோல்டரின் முதுகில் ஒரு நுண்துளை இருக்கும்: பிரஷ்களை உள்ளே அழுத்தி, நிமிர்த்திய ஊக்கை அந்தத் துளையில் செருகி நிறுத்தி, மூடியைப் பூட்டிய பிறகு ஊக்கை உருவ வேண்டும். இந்தத் துளையைக் கவனிக்காமல் பூட்டினால் புதிய பிரஷ்கள் அங்கேயே முறியும்.

டயோடு கெட்டிருக்கிறதா என்பதை வண்டியிலேயே அறியலாம்: எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி நிலைக்கு மாற்றி பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இரவு நிறுத்திய வண்டி காலையில் செல்ஃப் எடுக்காததற்கும் கசியும் டயோடு ஒரு காரணம். டயோடு பிளேட்டை மாற்ற நல்ல சூடும் பழகிய கையும் வேண்டும். கம்பிச் சுருள் கருகியிருந்தாலோ, பேரிங் இரைந்தாலோ, வீட்டு வாசலில் சுத்தியலால் அடித்துப் பார்க்காமல் பேரிங்கைக் கழற்றிப் பூட்டும் புல்லரும் பிரஸ்ஸும் இருக்கும் இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

[திரையில்: பூட்டிய ஆல்டர்னேட்டர், ஓடும் எஞ்சின், மீட்டர்.]

பூட்டும்போது தடித்த ஒயரின் நட்டை நன்றாக இறுக்கி, அதன் ரப்பர் மூடியைத் தவறாமல் போடுங்கள். சாரலில் தெறிக்கும் செம்மண் சேறு முதலில் ஏறும் இடம் அதுதான். பெல்ட் இறுக்கத்தைச் சரிசெய்த பிறகே நெகட்டிவை மாட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்குகளையும் புளோயரையும் போட்ட நிலையில் 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் புனலூருக்கு இரவிலும் கிளம்பலாம். உங்கள் காரின் மாடலையும், எஞ்சின் நின்றபோதும் ஓடியபோதும் மீட்டர் காட்டிய இரண்டு அளவுகளையும் கமென்ட்டில் எழுதுங்கள். 'சார்ஜ் ஏறல' என்று மட்டும் எழுதினால் எனக்கு எதுவும் தெரியாது.