பெண்ணின் நிலையை மாற்றியது சட்டமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கடந்த சில பத்தாண்டுகளில் பெண்ணின் நிலையை மாற்றியது சட்டமா, சமூகத்தின் மனமாற்றமா என்ற தலைப்பில், சட்டமே என்ற அணியில் நின்று பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, மகளைப் படிக்க வைத்த தகப்பன்மாரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்றார். அந்தத் தகப்பன்மாரை நானும் வணங்குகிறேன். ஆனால் படிக்க வைத்த அதே தகப்பன், சொத்து என்று வந்தபோது என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளும் மனமாற்றத்துக்கென விடப்பட்ட காலம்தான். அந்தச் சட்டத்திலும், 1989 மார்ச் 25-க்கு முன் மணமான பெண்ணுக்கு அந்தப் பங்கு இல்லை என்று ஒரு விலக்கு இருந்தது. ஆகவே ஒரே வீட்டில், அந்த நாளுக்கு முன் தாலி ஏறிய அக்கா வெறுங்கையோடு நிற்க, பின்னர் மணமான தங்கைக்கு அண்ணன் தம்பிக்குச் சமமான பங்கு கிடைத்தது. இருவருக்கும் தகப்பன் ஒருவர். அவருடைய மனமும் ஒன்றே. வேறுபட்டது சட்டம் மட்டும்தான். அந்த அக்காவுக்கும் வழி திறந்தது 2005-இல் நாடாளுமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுதான்.

சீர் செய்தாயிற்றே, பிறந்த வீடு வேண்டாமா என்று பேசிப் பேசியே பெண்களிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுகிறார்களே, பிறகு சட்டத்தால் என்ன பயன் என்று எதிரணியினர் கேட்கலாம். உண்மைதான். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அண்ணனோடு வந்து, எழுத்தர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டு, ஒரு புடவையோடு மாலைப் பேருந்தில் ஊர் திரும்பும் தங்கையை நாம் அறிவோம். அவளை நினைத்தால் என் நெஞ்சும் கொதிக்கிறது. ஆயினும் நடுவர் அவர்களே, அந்த அண்ணன் ஏன் தங்கையைத் தேடி வருகிறான்? முன்பெல்லாம் தந்தை உயிரோடு இருக்கையில் அவரும் மகன்களும் பூர்வீக நிலத்தைப் பாகப்பிரிவினை செய்துகொண்டால், மகளைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. இன்றோ, அவள் கையெழுத்து இல்லாத நிலத்துக்கு முன்பணம் கொடுக்க வாங்குபவர் தயங்குகிறார். மாறாத மனத்தையும் அவள் வாசலுக்கு வரவழைத்திருக்கிறது சட்டம். கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள்; மறுக்க ஓர் உரிமை இருப்பதால்தான் அவர்களால் மறுக்க முடிகிறது.

அரசியலுக்கு வருவோம். நம் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தைச் சட்டம் ஒதுக்கியது. 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. மனைவி வென்ற நாற்காலியில் கணவர் அமர்ந்த ஊராட்சிகள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இட ஒதுக்கீடு இல்லாமல் 2021-இல் நடந்த சட்டமன்றத் தேர்தலில், அதே கட்சிகள் நிறுத்தி, அதே வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த 234 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர். சமூகத்தின் மனம் மாறிவிட்டது என்று வாதிடும் எதிரணியினர், அந்தப் பன்னிரண்டுக்கு இந்த அவையில் விளக்கம் தரட்டும்.