பலகையில் ஒரு பெயர், பங்கு வேறொருவர் கையில்

வணக்கம் நேயர்களே. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குக் காப்புறுதி எடுக்கும்போது, "இது சிங்கப்பூரிலும் இருக்கிற கம்பெனிதானே, பயமில்லை" என்று பெயரைப் பார்த்தே பலர் முடிவு செய்துவிடுகிறோம். புருடென்ஷியலையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அது முழுக்க அவர்களுடைய நிறுவனம். இந்தியாவில் 2000இல் ஐசிஐசிஐயோடு சேர்ந்து தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்தது 26 விழுக்காடுதான்.

அது சட்டம் போட்ட வரம்பு. 1956இல் ஆயுள் காப்புறுதியையும் 1970களின் தொடக்கத்தில் பொதுக் காப்புறுதியையும் அரசுடைமையாக்கிய இந்தியா, 1999 சட்டத்தின் மூலம் தனியாரை மறுபடி உள்ளே விட்டபோது, வெளிநாட்டார் உள்ளூர்க் கூட்டாளியோடுதான் வரவேண்டும் என்றது.

சென்னையின் ராயல் சுந்தரம் காப்புறுதி நிறுவனத்தைப் பாருங்கள், அதுவும் இப்படி இருவர் கூட்டு. சுந்தரம் ஃபைனான்ஸ் லாரிக்கும் காருக்கும் கடன் கொடுத்துப் பழகிய நிறுவனம். கடன் வாங்க வருகிறவருக்கு வண்டிக் காப்புறுதியும் வேண்டுமே! ஆக வாடிக்கையாளர் ஏற்கெனவே வாசலில் இருந்தார். எந்த வண்டிக்கு எவ்வளவு பிரீமியம் போடுவது என்ற அனுபவம் கூட்டாளியான பிரிட்டனின் ராயல் அண்ட் சன் அலையன்ஸிடம் இருந்தது. 2015இல் அவர்கள் தங்கள் 26 விழுக்காட்டைச் சுந்தரத்துக்கே விற்றுவிட்டுப் போனார்கள். அதனால் யாருடைய பாலிசியும் அறுந்துவிடவில்லை, ஒப்பந்தம் இந்தியாவில் பதிவான நிறுவனத்தோடுதானே. ராயல் என்ற பெயர் இன்றும் பலகையில் இருக்கிறது.

வெளிநாட்டார் பங்குக்கான வரம்பு 2015இல் 49 விழுக்காடு, 2021இல் 74 என்று ஏறி, 2025 பட்ஜெட்டில் 100 என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் அலியான்ஸும் தன் இந்தியக் கூட்டாளியான பஜாஜைவிட்டுப் பிரிவதாகச் சொன்னது. கூட்டாளிகள் வருவார்கள், போவார்கள். அதற்காக நாம் பதற வேண்டியதில்லை.

எனக்குக் கவலை வேறு. கூட்டாளி ஒரு வங்கியாக இருந்தால், அந்த வங்கிக் கவுண்டரிலேயே பாலிசியும் விற்பார்கள். வைப்புத்தொகை போடப் போன வயதானவர், இருபது வருடம் பிரீமியம் கட்டவேண்டிய பாலிசியோடு வீட்டுக்கு வருவது நியாயமா? பெற்றோரிடம் இன்றே பேசுங்கள், அந்தக் காகிதத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆயுள் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும். அதைத் தாண்டிவிட்டாலும் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.