ஆச்சியின் தலையணைக்கடியில் ஒரு பச்சை மாத்திரை அட்டை

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். காற்று கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே போனால் ஆச்சியின் சீரியல் சத்தம் இதைவிட அதிகம்.

கையில் இருப்பது தெரிகிறதா? வைட்டமின் ஈ, 400. "முகத்துக்குப் போடுற பச்சை மாத்திரை" என்றாலே கடையில் எடுத்துத் தந்துவிடுவார்கள். இந்த அட்டையை இன்று காலை ஆச்சியின் தலையணைக்கடியிலிருந்து எடுத்தேன். அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் என் கதை. போன தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்து முன்கையில் தழும்பாகிவிட்டது. மதினி இதைத்தான் தடவச் சொன்னாள். ஊக்கால் குத்திப் பிதுக்கினால் தேனைவிடக் கெட்டியாக ஒரு எண்ணெய் வரும். தடவிக்கொண்டு படுத்தால் தலையணை உறை கையோடு ஒட்டிக்கொண்டு எழும். நாலாம் நாள் ஒரே அரிப்பு, தழும்பைச் சுற்றிச் சிவப்பாகப் பொரிப்பொரியாக வந்துவிட்டது. தோல் டாக்டர், "அலர்ஜி, தடவுவதை நிறுத்துங்கள்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1999-இல் அறுவை சிகிச்சைத் தழும்பில் இதைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது தழும்புக்குப் பலன் இல்லை, அல்லது முன்பைவிட மோசம். மூன்றில் ஒருவருக்கு என்னைப் போலவே அலர்ஜி. 15 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனால் என் கை அதை நம்புகிறது.

சரி, ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி கெண்டைக்காலில் குரக்களி, அதாவது தசைப்பிடிப்பு, வருகிறது என்று புலம்பியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அத்தை இந்த அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஆச்சி இதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறாள், ரத்தம் உறையாமல் இருக்க. நான் சத்தம் போட்டதும், "ஏட்டி, சத்து மாத்திரை என்ன செய்யும்?" என்கிறாள்.

செய்யும் ஆச்சி. ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். ஈ அதிகமானால் அதன் வேலையைக் கெடுக்கும். வார்ஃபரினும் அதே கே-யைத்தான் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். குரக்களிக்கு இது கேட்கும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது.

அளவையும் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 15 மில்லிகிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. செயற்கை வைட்டமின் ஈ 400 யூனிட் என்றால் உடம்பு பயன்படுத்தக்கூடியது 180 மில்லிகிராம். அதாவது பன்னிரண்டு நாள் தேவை ஒரே விழுங்கலில். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து, புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-இல் தெரிந்தது. தடுக்கப் போன மாத்திரை!

இதற்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. கொழுப்பைக் கிரகிக்க முடியாத குடல், ஈரல் நோயாளிகளுக்குக் குறைபாடு வரும், அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். சர்க்கரை நோய் இல்லாத, ஈரல் கொழுப்பால் வீக்கம் வந்த சிலருக்கு டாக்டர்கள் 800 யூனிட் கொடுப்பதுண்டு. அதெல்லாம் டாக்டர் கண்காணிப்பில்.

நம் மாதிரி ஆட்களுக்குச் சாப்பாடே போதும். ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் ஐந்தரை மில்லிகிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் இரண்டுக்கு மேல், அதே அளவு பாதாமில் ஏழு. தேங்காயில் மட்டும் ஏறக்குறைய ஒன்றுமில்லை, சொதிப் பிரியர்கள் மன்னிக்கவும்.

இந்த அட்டையில் பத்து இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருக்கிறது. பத்தாவது எங்கே என்று கேட்டால் ஆச்சி டிவியைப் பார்த்துச் சிரிக்கிறாள். செவ்வாய்க்கிழமை ரத்தம் உறையும் நேரம் பார்க்கப் போகிறோம், அட்டையையும் கையோடு எடுத்துப் போகிறேன்.