கணித ஆசிரியரின் அடுத்த படி: ஒரு பாடம், ஒரு போட்டி, ஒரு கட்டுரை

(காட்சி: மேசை மீது கணிதப் பாடநூல். ஒரு பாடத்தின் கடைசிப் பக்கம். ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டமும் க்யூஆர் குறியீடும் திரையில் பெரிதாகின்றன.)

வணக்கம். பள்ளியில் கணிதம் நடத்துகிற ஆசிரியர்களுக்கான காணொளி இது. பயிற்சி, இணையதளம், செயலி, போட்டி, சான்றிதழ் என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு சுட்டி வந்து விழுகிறது. எல்லாவற்றையும் சேமித்து வைத்தால் எதுவும் வகுப்புக்குள் போகாது. எங்கள் கருத்தில் ஒழுங்கான வழி ஒன்றுதான்: ஒரு பாடத்தை எடுத்து நன்றாக நடத்துங்கள், அதிலிருந்து மாணவரைப் போட்டிக்குக் கொண்டு போங்கள், நடந்ததை எழுதுங்கள். வாய்ப்புகள் இந்த வரிசையில்தான் திறக்கின்றன.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குவோம். 2018-19 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு உண்டு. கணிதத்தில் அதோடு ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டமும் வருகிறது. பெரும்பாலும் அது உங்களை ஜியோஜீப்ரா என்ற, வடிவங்களை வரைந்து அசைத்துப் பார்க்கும் கணித மென்பொருளின் பணித்தாளுக்குக் கொண்டு போகும். தேர்வில் வராது என்பதால் பலரும் தாண்டிப் போகிற பக்கம் இதுதான்.

ஜியோஜீப்ராவை 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கினார். வகுப்புப் பயன்பாட்டுக்கு இலவசம். பள்ளிக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லையா? நிறுவாமலே ஓடும் பதிப்பு ஒன்று உண்டு. பென் டிரைவில் போட்டு அங்கிருந்தே திறக்கலாம். முதல் நாளே இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். பணித்தாளை வீட்டிலேயே இறக்கிக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: ஜியோஜீப்ரா திரை. ஒரு முக்கோணம் வரையப்படுகிறது.)

முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். பலகோணக் கருவியை எடுத்து மூன்று புள்ளிகள் வையுங்கள். மீண்டும் முதல் புள்ளியைத் தொட்டால் முக்கோணம் மூடும். அடுத்து கோணக் கருவியை எடுத்து முக்கோணத்தின் உள்ளே ஒரு முறை தொடுங்கள். மூன்று கோணங்களும் ஒரேயடியாக வந்துவிடும்.

இங்கேதான் முதல் சிக்கல். சில கணினிகளில் உட்கோணத்துக்குப் பதிலாக 180 பாகையைத் தாண்டிய பெரிய கோணம் காட்டும். மென்பொருள் கெட்டுப்போகவில்லை. புள்ளிகளைக் கடிகார முள் திசையில் வைத்திருக்கிறீர்கள், ஜியோஜீப்ரா கோணத்தை எதிர்த்திசையில் அளக்கிறது. அழித்துவிட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் புள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் உடனே அழிக்க வேண்டாம். அந்த மூன்று பெரிய கோணங்களைக் கூட்டச் சொல்லுங்கள். 900 வரும். ஏன் 900? ஒவ்வொன்றும் 360-லிருந்து உட்கோணத்தைக் கழித்தது. மூன்று 360 சேர்ந்தால் 1080, அதில் 180 போனால் 900. தவறாக வரைந்த படமே பாடத்தை இன்னொரு பக்கத்திலிருந்து நிறுவிக் காட்டிவிட்டது.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. திரையில் 50.34, 62.18, 67.47 என்று தெரிகிறது. கூட்டினால் 179.99. “சார், 180 வரலையே!” என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலை அடக்கிவிடாதீர்கள். மென்பொருள் ஒவ்வொரு கோணத்தையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டுகிறது. உள்ளே 50.344, 62.183, 67.473 என்று இருந்திருக்கலாம். அமைப்புகளில் தசம இடங்களின் எண்ணிக்கையை அதிகமாக்கிக் காட்டுங்கள், வித்தியாசம் சுருங்குவதைப் பார்ப்பார்கள். அளந்து பார்ப்பதற்கும் நிறுவுவதற்கும் உள்ள இடைவெளியை விளக்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. இணைகோடு வரைந்து நிறுவும் முறையை இதற்குப் பிறகு கரும்பலகையில் தொடங்குங்கள். மவுஸை நீங்களே பிடித்துக்கொண்டு நாற்பது பேருக்கு வேடிக்கை காட்டுவதுதான் இந்த வகுப்பில் பொதுவாக நடக்கிற தவறு. முனையை இழுக்கிற கை மாணவருடையதாக இருக்கட்டும்.

(காட்சி: சுவரில் மாதக் காலண்டர். 8, 9, 15, 16 ஆகிய தேதிகள் வட்டமிடப்படுகின்றன.)

கணினியே இல்லாத பள்ளியா? காலண்டர் இருக்கும். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், காலண்டரையே கணிதக் கூடமாக்கிக் காட்டியவர். சென்னை ராயபுரத்தில் 1993-ல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகத்தோடும் கணிதக் கல்வி மையத்தோடும் சேர்ந்த பெயர் அவருடையது.

இப்படிச் செய்யுங்கள். இரண்டுக்கு இரண்டு சதுரமாக நான்கு தேதிகளை வட்டமிடச் சொல்லுங்கள். 8, 9, 15, 16 என்று வைப்போம். குறுக்கே பெருக்குங்கள். 9-ஐ 15-ஆல் பெருக்கினால் 135, 8-ஐ 16-ஆல் பெருக்கினால் 128. வித்தியாசம் 7. எந்த மாதம், இப்படிச் சதுரமாக எந்த நான்கு தேதி எடுத்தாலும் 7-தான். வகுப்பு முழுக்க 7 வந்த பிறகு ஏன் என்று கேளுங்கள். முதல் தேதியை ‘அ’ என்று வைத்தால் மற்றவை அ+1, அ+7, அ+8. ஒரு பெருக்கல் அ²+8அ+7, மற்றது அ²+8அ. எட்டாம் வகுப்பு இயற்கணிதம் இப்போது ஒரு கேள்விக்குப் பதிலாக வந்து நிற்கிறது.

அதோடு விடாதீர்கள். மூன்றுக்கு மூன்று சதுரத்தில் மூலைகளை மட்டும் குறுக்கே பெருக்கினால் வித்தியாசம் 28. நான்குக்கு நான்கில் 63. அதாவது 7-இன் ஒரு மடங்கு, நான்கு மடங்கு, ஒன்பது மடங்கு. ஐந்துக்கு ஐந்து எந்த மாதத்திலும் அடங்காது. அடங்கினால் என்ன வரும் என்று கணித்துச் சொல்லச் சொல்லுங்கள். 112 என்று எழுதுகிற மாணவர் வாய்பாட்டைத் தானே கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. சில காலண்டர்களில் இடம் போதாமல் 23-ஐயும் 30-ஐயும் ஒரே கட்டத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பகுதியில் சதுரம் எடுத்தால் கணக்கு குழம்பும். கிழமைகள் மேலிருந்து கீழாக வரும் காலண்டரும் உண்டு. அதில் கவலை வேண்டாம், விடை மாறாது.

(காட்சி: தேர்வு மண்டபம். மாணவர் ஓஎம்ஆர் தாளில் வட்டங்களை நிரப்புகிறார்.)

இப்படிக் கேள்வி கேட்டுப் பழகிய மாணவருக்கு அடுத்த இடம் வேண்டும். 1965-ல் தொடங்கிச் சென்னையிலிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், சுருக்கமாக ஏஎம்டிஐ, தேசியக் கணிதத் திறனறிப் போட்டியை நடத்துகிறது. 5, 6 வகுப்புகளுக்கு காஸ், 7, 8-க்கு கப்ரேகர், 9, 10-க்கு பாஸ்கரா, 11, 12-க்கு ராமானுஜன் என்று நிலைகளுக்குப் பெயர். முதல் முறை அனுப்புகிறீர்கள் என்றால் கப்ரேகர் நிலையில் தொடங்குங்கள். பொதுத்தேர்வு நெருக்கடி இல்லாத வயது அது. இதே சங்கத்தில் ஆசிரியர்கள் உறுப்பினராகச் சேரலாம். ஆசிரியர்களுக்கான இதழும் ஆண்டு மாநாடும் உண்டு.

ஒலிம்பியாட் வழி வேறு. அதன் முதல் படி ஐஓக்யூஎம் என்ற கணிதத் தகுதித் தேர்வு. 8 முதல் 12 வரை படிப்பவர்களுக்கானது, பொதுவாகச் செப்டம்பரில் நடக்கும். மூன்று மணி நேரம், 30 கேள்விகள், 100 மதிப்பெண். பத்துக் கேள்விக்கு இரண்டிரண்டு, பத்துக்கு மும்மூன்று, பத்துக்கு ஐந்தைந்து. விடை எல்லாம் 00 முதல் 99 வரையுள்ள முழு எண். விடை 7 என்றால் 07 என்று இரண்டு வட்டம் நிரப்ப வேண்டும். கணக்கு சரியாகப் போட்டும் இங்கே மதிப்பெண்ணை விடுகிற பிள்ளைகள் உண்டு, முன்பே ஒரு மாதிரித் தாளில் பழக்கிவிடுங்கள். இதற்கு அடுத்த ஆர்எம்ஓ என்ற மண்டலக் கணித ஒலிம்பியாடில் ஆறே கணக்குகள், மூன்று மணி நேரம், முழு நிரூபணம் எழுத வேண்டும். அதற்குப் பிறகு தேசிய ஒலிம்பியாட்.

போட்டித் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். தமிழ் வழி மாணவர் தடுமாறுவது கணக்கில் அல்ல, பெரும்பாலும் சொல்லில். பாடநூலின் பின்னால் உள்ள கலைச்சொல் பட்டியலை எடுத்து, வாரம் பத்துச் சொல்லாகப் பழக்கினால் ஒரு பருவத்தில் இந்தத் தடை உடைந்துவிடும். எல்லாப் பிள்ளைகளையும் போட்டிக்கு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய தாளிலிருந்து இரண்டு மதிப்பெண் கணக்கு ஒன்றை வெள்ளிக்கிழமை தோறும் பலகையின் ஓரத்தில் எழுதி, திங்கள் வரை விடை சொல்லாமல் விடுவது வகுப்பு முழுவதற்கும் நல்லது.

(காட்சி: விண்ணப்பப் படிவங்கள், ஒரு மடிக்கணினி.)

இனி வேலை சார்ந்தவை, சுருக்கமாக. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பணியில் இருக்கும் ஆசிரியருக்கும் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியை வலியுறுத்தியது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு அவகாசம் தந்தது. ஆறு முதல் எட்டு வரை நடத்துவோருக்கு இரண்டாம் தாள். 150 வினாக்களில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்தவை. கல்லூரியில் கணிதம் மட்டும் படித்தவர்கள் சறுக்குவது அறிவியல் பகுதியில்தான். ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் புத்தகங்களை முதலில் முடியுங்கள், வழிகாட்டி நூல் பிறகு. உங்கள் பணி நிலைக்கு எது பொருந்தும் என்பதைத் துறையின் நடப்பு அரசாணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட அறிவை வளர்க்க, ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல் நல்ல இடம். பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன, படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். பாடத்தில் சேர்ந்ததே தேர்வுக்குப் பதிந்ததாகாது, பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஒப்படைவுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. ஒப்படைவில் 10-உம் தேர்வில் 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைவுகளே கணக்கில் வரும். அரையாண்டுத் தேர்வு வாரத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பயப்பட வேண்டாம்.

(காட்சி: ஒரு ஆசிரியரின் குறிப்பேடு. மாணவரின் தவறான விடை ஒன்று நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கிறது.)

எழுதுவதற்கு வருவோம். நாங்கள் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2012 முதல் வெளியிட்டு வரும் ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ பள்ளிக் கணிதத்துக்கென்றே உள்ள ஆங்கில இதழ், இணையத்தில் இலவசம். வகுப்பறைக் கட்டுரைகளுக்குத் தனிப் பகுதி, தொழில்நுட்பத்துக்குத் தனிப் பகுதி. தொடக்க வகுப்புகளுக்காகப் பத்மப்ரியா ஷிராலி எழுதும் இணைப்பு வேறு. ஆசிரியர்களின் கட்டுரைகளை அவர்கள் வரவேற்கிறார்கள். ஏஎம்டிஐ இதழும் அப்படியே.

பள்ளி ஆசிரியர் எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைக்காதீர்கள். நான்கு இலக்க எண் ஒன்றின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாதவரை 6174-இல் வந்து நிற்கும்; இந்த மாறிலி கப்ரேகரின் பெயரால் வழங்குகிறது. அவர் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். முதுகலைப் பட்டம் கூட இல்லாதவர். அந்தக் கண்டுபிடிப்பை 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அறிவித்தார்.

என்ன எழுதுவது? மேலே பார்த்த காலண்டர் வகுப்பையே எடுங்கள். கேட்ட கேள்வியை அதே சொற்களில் எழுதுங்கள். மாணவர் சொன்ன தவறான விடைகளில் இரண்டையாவது அப்படியே கொடுங்கள். அந்தத் தவறு எந்த எண்ணத்திலிருந்து வந்தது, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் கட்டுரையின் உயிர். மூன்று பக்கம் போதும். கணிதத்தின் பெருமை பற்றி ஒரு பக்கம் முன்னுரை எழுதினால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். படங்களை ஜியோஜீப்ராவிலேயே வரைந்து ஏற்றுமதி செய்யுங்கள், இணையத்தில் கிடைத்த படத்தை ஒட்டாதீர்கள். மாணவரின் முகம் தெரியும் புகைப்படத்துக்குப் பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கில ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து மாற்றினால் ஒரு மாலையில் முடிகிற வேலை.

அதே மூன்று பக்கம் மாநாட்டுக்கும் உதவும். ஏஎம்டிஐ ஆண்டு மாநாட்டில் தொடங்கலாம். உலக அளவில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுக் கணிதக் கல்வி மாநாடு 2024-ல் சிட்னியில் நடந்தது, 2028-ல் செக் நாட்டின் பிராகாவில் நடக்க இருக்கிறது. பதிவுக் கட்டணத்தில் பத்து விழுக்காட்டை, வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருவோருக்கு உதவித்தொகையாக ஒதுக்குவது அந்த மாநாட்டின் வழக்கம். உதவிக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் வெளிநாடு செல்லத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் கைக்கு வந்த அன்றே தலைமையாசிரியர் வழியாக அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.